கீழ்த்தாடைப் பற்கள் முழுவதும் இல்லாதவருக்கு எந்த இம்பிளான்ட் பொருந்தும்?

குடியாத்தத்தில் இருக்கும் உங்கள் தாயாருக்குக் கீழ்ப்பற்கள் அனைத்தும் விழுந்துவிட்டன, சர்க்கரை நோயும் உண்டு, பல்செட் போதுமா அல்லது இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாக்கின் அசைவால் கீழ்ப் பல்செட் எளிதில் நழுவும் என்பதால், தாடையின் முன்பகுதியில் இரண்டு டைட்டானியம் உலோக இம்பிளான்ட்களைப் பதித்து, அவற்றின் மேல் கழற்றிக் கழுவக்கூடிய பல்செட்டை மாட்டுவதையே நான் முதலில் சொல்வேன். நான்கு இம்பிளான்ட்களின் மேல் நிலையாகப் பொருத்தும் பல்வரிசை மெல்லுவதற்கு இன்னும் உறுதியானது. ஆனால் செலவு மிகும், அடியில் சுத்தம் செய்வது முதியவர்களுக்குச் சிரமம்.

எலும்பு டைட்டானியத்தோடு பிணைவதே இம்முறையின் அடிப்படை. சுவீடன் மருத்துவர் பிரோனெமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதைச் செய்தார். பிணைய வழக்கமாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். கட்டுப்படாத சர்க்கரையும் புகையிலையும் அதைக் கெடுக்கும். எனவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை முதலில் பார்த்துவிடுங்கள். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் மருத்துவரிடம் தயவுசெய்து மறைக்காதீர்கள். சில மருந்துகளால் அறுவைக்குப் பின் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

எலும்பின் உயரத்தையும், உள்ளே ஓடும் நரம்பின் இடத்தையும் ஸ்கேனில் பார்க்காமல் எண்ணிக்கையையும் விலையையும் பேசுபவரிடம் அவசரப்பட்டு முன்பணம் கட்ட வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் பல் மருத்துவத் துறை இருக்கிறது. அங்கே இரண்டாவது கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.