இருவர் சொன்னதை அச்சேற்றும்போது: வாசகர் கேள்வி – பதில்

உறவுகள் பற்றிய ஆய்வையும் அதை வெளியிடுவதையும் குறித்து வந்த கடிதங்களுக்கு இம்மாதம் விடை எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால், எல்லோர் பெயரையுமே விட்டுவிட்டேன்.

சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரே வீட்டில் வாழும் மாமியார், மருமகள் இருவரையும் தனித்தனியே நேர்காணல் செய்து, அவர்கள் சொன்னவற்றை ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டேன். அது போதும் என்கிறார் நெறியாளர். ஆய்விதழுக்கு அனுப்பும் முன் வேறு ஏதேனும் செய்ய வேண்டுமா?
— ஆய்வு மாணவி, மதுரை

பெயர் மாற்றம் அந்தப் பெண்களை அயலாரிடமிருந்து காக்கும். ஒருவரிடமிருந்து மற்றவரைக் காக்காது. உறவு ஆய்வில் பெரிய தீங்கு நேர்வது பெரும்பாலும் இரண்டாவது இடத்தில்தான்.

ஒரு மருமகள் உங்களிடம், "நாத்தனார் கல்யாணத்துக்கு என் நெக்லஸை அடகு வைத்தார்கள். அத்தை கேட்டதால் கொடுத்தேன், மனதாரக் கொடுக்கவில்லை, எங்கள் அம்மாவுக்கு இன்னும் தெரியாது" என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். அதை 'செல்வி, 28, பட்டதாரி' என்ற பெயரில் நீங்கள் அச்சேற்றினால் சென்னையில் இருப்பவருக்குச் செல்வி யார் என்று தெரியாது. ஆனால் அந்த நெக்லஸை அடகு வைக்கக் கேட்ட மாமியாருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அடுத்த பக்கத்தில் 'குடும்பம் 7, மாமியார்' என்று அவர் பேச்சையும் தந்திருந்தால், சம்பந்தி வீடு வரை எல்லோருக்கும் ஒரு சாவி கொடுத்ததாகிவிடும். ஆய்வில் பங்கேற்றவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காணும் இந்த ஆபத்தை வெளியார் அடையாளம் காணும் ஆபத்திலிருந்து தனியே பிரித்து, சமூகவியலாளர் மார்ட்டின் டோலிச் 2004-இல் விரிவாக எழுதினார்.

படிக்க மாட்டார்கள் என்று நம்பியிருப்பதும் வழியல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் கரோலின் எல்லிஸ், செசபீக் விரிகுடாக் கரையில் இரண்டு மீனவச் சமூகங்களோடு பல ஆண்டுகள் பழகி 1986-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெயர்களையெல்லாம் மாற்றியிருந்தும், நூலின் பகுதிகள் அம்மக்களை எட்டியபோது அவர்கள் தங்களைக் கண்டுகொண்டு மனம் புண்பட்டார்கள். தம்மைத் தோழியாகக் கருதியவர்களை எவ்வாறு காயப்படுத்தினோம் என்பதைப் பின்னாளில் எல்லிஸே எழுதியிருக்கிறார். இன்று நம் ஊரில் நிலைமை இன்னும் கடினம். உங்கள் ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் ஏற்கப்பட்டதும், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'சோத்கங்கா' தளத்தில் முழுமையாக ஏற்றப்பட்டு, கைப்பேசி வைத்திருக்கும் எவரும் படிக்கக்கூடியதாகிவிடும். எனவே ஆய்விதழுக்கு அனுப்பும்போது மட்டும் விழித்துக்கொண்டால் போதாது, ஆய்வேடே வெளியீடுதான். நன்றியுரையில் ஊராட்சித் தலைவருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறிவிட்டு, உள்ளே ஊரின் பெயரை மறைத்திருக்கும் ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செய்யத்தக்கவை சில உண்டு. முதலில் மாமியாரையும் மருமகளையும் இணைக்கும் எண்ணை அச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். இணைப்பு உங்கள் கோப்பில் மட்டும் இருக்கட்டும். இருவர் பார்வையும் எங்கே ஒத்துப்போயின, எங்கே முரண்பட்டன என்பதைப் பல குடும்பங்களுக்குப் பொதுவாகத் தொகுத்துச் சொல்லுங்கள். நேர்ப்பேச்சை எடுத்துக்காட்டும் இடத்தில் ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் பேச்சை மட்டும் தாருங்கள். நெக்லஸ் போன்ற தனித்த விவரத்தை மாற்றலாம் அல்லது நீக்கலாம். ஆனால் உங்கள் வாதம் சொத்துரிமையையோ சீரையோ பற்றியது என்றால், வாதத்துக்கு ஆதாரமான விவரத்தைத் திரிப்பது தரவைப் பொய்யாக்குவதாகிவிடும் என்பதால், அந்தப் பகுதியை விட்டுவிடுவதே மேல். எந்த வகை விவரங்களை மாற்றினீர்கள் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் சொல்லிவிடுங்கள். பயன்படுத்தப்போகும் வரிகளை, அவற்றைச் சொன்னவரிடம் மட்டும், அவர் தனியே இருக்கும்போது படித்துக் காட்டி இரண்டாம் முறை ஒப்புதல் கேட்பது இவை எல்லாவற்றையும் விடப் பயன் தரும். தொடக்கத்தில் கையெழுத்திட்டபோது தாம் என்ன பேசப்போகிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

உறவுகள் பற்றிய கட்டுரைகளை எந்த ஆய்விதழுக்கு அனுப்பலாம்? மூன்று நாளில் வெளியிடுவதாக வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது, நம்பலாமா?
— உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது: நம்ப வேண்டாம். மதிப்பீட்டாளர் இருவர் கட்டுரையைப் படித்துக் குறிப்பு எழுதவே பல வாரங்கள் ஆகும். மூன்று நாளில் ஏற்கும் இதழ் உங்கள் கட்டுரையைப் படிப்பதில்லை, கட்டணத்தை வாங்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழு நடத்திவந்த, ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டதால், இதழின் தரத்தை நாமே எடைபோட வேண்டியிருக்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மானியக் குழுவின் 2022 விதிமுறைகளில் இல்லை என்பதையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். தனிப்பட்ட பல்கலைக்கழகங்கள் தம் அளவில் கேட்கக்கூடும் என்பது வேறு. அவசரம்தான் பலரை இந்தக் கடைகளுக்குத் தள்ளுகிறது.

முதல் கேள்விக்கு வருகிறேன். இத்துறைக்கென்றே தொடங்கப்பட்ட முதன்மையான இதழ் 'ஜர்னல் ஆஃப் சோஷியல் அண்ட் பர்சனல் ரிலேஷன்ஷிப்ஸ்'. ஸ்டீவ் டக் 1984-இல் தொடங்கியது. உளவியல், தொடர்பாடல், சமூகவியல், குடும்பவியல் என்று பல துறையினரும் அதில் எழுதுகிறார்கள். பத்தாண்டு கழித்து வந்த 'பர்சனல் ரிலேஷன்ஷிப்ஸ்' இதழும் இதே பரப்பைச் சேர்ந்தது. குடும்ப அமைப்பு, மணமுறிவு, பிள்ளை வளர்ப்பு என்றால் 'ஜர்னல் ஆஃப் மேரேஜ் அண்ட் ஃபேமிலி' பொருந்தும். ஆனால் நீங்கள் எழுதுவது உறவுமுறை, சாதி, நிலம் ஆகியவை பின்னிய திருமணம் பற்றியது என்றால், 1957-இல் லூயி துமோன், டேவிட் போக்காக் இருவரும் தொடங்கிய 'கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி' உங்கள் பேச்சை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளும். களப்பணியாளர் பார்வையில் எழுதினால், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சோஷியல் ஒர்க்' இருக்கிறது. அயல்நாட்டு இதழ்தான் உயர்ந்தது என்ற எண்ணத்தில், தமக்குப் பொருந்தாத இடத்துக்கு அனுப்பி ஓராண்டை வீணாக்குபவர்கள் அதிகம். சந்தா வழியில் நடக்கும் நல்ல இதழ்கள் பெரும்பாலும் எழுதுபவரிடம் பணம் கேட்பதில்லை. கட்டுரையை எல்லோருக்கும் திறந்துவைக்க நீங்களே விரும்பினால்தான் கட்டணம். ஆனால் ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள்.

150 தம்பதிகளிடம் வினாப்படிவம் நிரப்பி வாங்கி, 300 பேரின் தரவாகப் பகுப்பாய்ந்தேன். 'இவர்கள் 300 தனி நபர்கள் அல்லர்' என்று கட்டுரை திரும்பிவிட்டது. இது நியாயமா?
— விரிவுரையாளர், கோயம்புத்தூர்

நியாயம்தான். வழக்கமான புள்ளியியல் சோதனைகள், ஒருவர் விடை மற்றவர் விடையைச் சார்ந்ததல்ல என்ற எடுகோளின்மேல் நிற்கின்றன. ஒரே வீட்டில் ஒரே சண்டையைப் பார்த்த கணவனும் மனைவியும் தரும் விடைகள் ஒன்றையொன்று சார்ந்தவை; அந்தச் சார்பைத்தானே நீங்கள் ஆய்கிறீர்கள்! இதைக் கணக்கில் எடுக்காமல் 300 என்று எழுதினால், முடிவின் உறுதி உண்மைக்கு மாறாகத் தோன்றும்.

சமூக உளவியலாளர் டேவிட் கென்னியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வளர்த்தெடுத்த முறை இதற்கென்றே உள்ளது. மனைவியின் மனக்கவலை அவருடைய சொந்த நிறைவை எவ்வளவு பாதிக்கிறது, கணவரின் நிறைவை எவ்வளவு பாதிக்கிறது என்ற இரண்டையும் அது ஒரே வேளையில், தனித்தனியே மதிப்பிடும். கட்டணமில்லாத 'ஆர்' மென்பொருளிலேயே செய்யலாம். எந்தப் படிவம் எந்தத் தம்பதியுடையது என்ற குறியீடு உங்களிடம் இருந்தால் புதிதாகத் தரவு திரட்ட வேண்டியதில்லை. கணவர் எதிரில் உட்கார்ந்து மனைவி நிரப்பிய படிவங்கள் எத்தனை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நம் வீடுகளில் அது அரிதல்ல.

தமிழ்நாட்டுத் தரவை வைத்து எழுதினால், 'இம்முடிவுகள் பிற பண்பாடுகளுக்குப் பொருந்துமா' என்று மதிப்பீட்டாளர் கேட்கிறார். அமெரிக்கரிடம் இப்படிக் கேட்பார்களா?
— ஆய்வாளர், சென்னை

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆய்வாளர் ஜோசப் ஹென்ரிக்கும் வேறு இருவரும் 2010-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, உலக மக்களுள் ஒரு சிறு பகுதியினரான மேலைநாட்டுப் படித்த, வசதியான மக்களை வைத்தே மனித இயல்பைப் பற்றிப் பொதுவாகப் பேசிவந்ததைச் சுட்டிக்காட்டியது. அதன் பிறகு அமெரிக்கரிடமும் இக்கேள்வி கேட்கப்படுகிறது, ஆனால் மெல்லிய குரலில்.

பதில் எழுதும்போது மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அங்கே உருவான அளவுகோல் இங்கே எந்த இடத்தில் முறிகிறது என்று காட்டுங்கள். அதுவே உங்கள் பங்களிப்பு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் கால் பங்குக்கும் மேற்பட்டோர் உறவுக்குள் மணந்தவர்கள். 'உங்கள் கணவரின் தாயை முதன்முதலில் எப்போது சந்தித்தீர்கள்?' என்ற வினாவை அத்தை மகனை மணந்த பெண்ணிடம் கேட்டால் சிரிப்பார்; தாய்மாமனை மணந்தவருக்கு மாமியார் என்பவர் அவரை மடியில் வைத்து வளர்த்த பாட்டி. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே கோடு இருப்பதாக எண்ணி அமைத்த வினாப்படிவம் இத்தகைய வீட்டில் எதை அளக்கிறது? இதைக் கட்டுரையின் 'வரம்புகள்' பகுதியில் ஒளித்து வைக்காமல் முன்னுரையிலேயே எழுதுங்கள்.

மனைவி நோயில் விழுந்தால் கணவன் விட்டுப் போய்விடுவான் என்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். உண்மையா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

நீங்கள் படித்தது எந்த ஆய்வு என்று அச்செய்தி சொல்லவில்லை போலும். பெரிதும் பேசப்பட்ட ஒன்று, 2015 மார்ச்சில் ஓர் அமெரிக்க ஆய்விதழில் வந்தது. 2,701 திருமணங்களின் தரவை வைத்து, மூத்த வயதில் மனைவி கடும் நோயுற்றால் மணமுறிவு கூடுகிறது, கணவன் நோயுற்றால் கூடுவதில்லை என்றது. அதே தரவை எடுத்துச் செய்துபார்த்த வேறு ஆய்வாளர்களுக்கு அந்த எண்கள் வரவில்லை. ஆராய்ந்தபோது, கணக்கெடுப்பிலிருந்து இடையில் விலகியவர்களையும் கணினி நிரலில் ஒரு வரி 'மணமுறிவு பெற்றவர்கள்' என்று சேர்த்திருந்தது தெரியவந்தது. எழுதிய இருவரும் சில மாதங்களில் தாங்களே கட்டுரையைத் திரும்பப் பெற்று, திருத்திய வடிவை வெளியிட்டார்கள். அதில் இதயநோய் ஒன்றில்தான் அந்த வேறுபாடு எஞ்சியது. முதல் செய்தி பரவிய அளவுக்குத் திருத்தம் பரவவில்லை.

இதனால் கேள்வியே பொய்யென்று ஆகிவிடாது. 2009-இல் 'கேன்சர்' இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மூளைக் கட்டி முதலான கடும் நோயுற்ற 515 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, நோயாளி பெண்ணாக இருந்தால் 20.8 விழுக்காடும் ஆணாக இருந்தால் 2.9 விழுக்காடும் பிரிவோ மணமுறிவோ நேர்ந்ததாகச் சொன்னது. ஆயினும் அது குறிப்பிட்ட சில மருத்துவமனைகளின் நோயாளிகள் பற்றியது. உங்கள் தெருவுக்கு அதை அப்படியே கொண்டுவர இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வாளரிடம் என் புகுந்த வீட்டைப் பற்றி மனம்விட்டுப் பேசினேன். கட்டுரை வந்துவிட்டது, என் ஓரகத்தி அதைப் படித்து, நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். இனி நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?
— வாசகி, ஊர் வேண்டாம்

உண்டு, அம்மா. வெளியாகும் முன்பென்றால் காரணம் சொல்லாமலே நீங்கள் விலகியிருக்கலாம். வெளியான பிறகு அச்சுப்படியைத் திரும்ப அழைக்க முடியாது, ஆனால் இணையத்தில் உள்ளதைத் திருத்த வழி இருக்கிறது. முதலில் ஆய்வாளருக்கும் அவருடைய நெறியாளருக்கும் எழுதுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேளுங்கள். அடையாளம் தெரியாதபடி வெளியிடுவோம் என்ற உறுதி அதில் இருக்கும் என்றால் உங்கள் கடிதத்துக்கு அதுவே வலு. அந்த நிறுவனத்தில் நெறிமுறைக் குழு இருந்தால் அதன் உறுப்பினர் செயலருக்கும், இல்லாவிட்டால் பதிவாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கலைக் கல்லூரிகள் பலவற்றில் இக்குழு இன்னும் பெயரளவில்கூட இல்லை என்பது வெட்கத்துக்குரியது.

கடிதத்தில் உங்கள் கதையை மறுபடி விவரிக்க வேண்டாம். அந்தக் கடிதமும் பலர் கைக்குப் போகும். எந்தப் பக்கத்தில் எந்த வரி உங்களைக் காட்டிக்கொடுத்தது என்பதை மட்டும் குறித்து, இணையப் பதிப்பில் அந்த வரியை நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று கேளுங்கள். ஆய்வேடும் சோத்கங்காவில் இருக்குமானால், திருத்தும்வரை அதைப் பார்வையிலிருந்து எடுத்துவைக்கும்படி பல்கலைக்கழகத்தின் வழியாகக் கோருங்கள். இதழாசிரியருக்கு நீங்கள் நேரடியாகவே எழுதலாம். உங்கள் பெயரை வெளியிடாமல் திருத்தம் செய்ய அவரால் முடியும். பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை உங்கள் அம்மா வீட்டு முகவரிக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.