மூன்றாவது தடவை நீட் வேண்டாம், அண்ணாச்சி

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அண்ணாச்சி மகளோடு வந்திருந்தார். மகள் இரண்டு தடவை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை. வயலை விற்றாவது தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிடச் சொல்லி மைத்துனர் நெருக்குகிறாராம். பயப்படாதீர்கள் என்று முதலில் ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் பிள்ளையிடம் பேசினேன்.

பஞ்சகவ்யம் தெளித்தால் கத்தரி நாற்று நன்றாக வருமா என்று வீட்டு மாடியில் சோதித்துப் பார்த்திருக்கிறாள். எந்தத் தொட்டிக்குப் பஞ்சகவ்யம், எதற்கு வெறும் தண்ணீர் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தாளாம். ஏன் என்று கேட்டேன். "நானா எடுத்தா நல்ல செடியா பாத்துக் குடுத்துருவேன் சார்" என்றாள். சோதனை முறையின் உயிர்நாடியை யாரும் சொல்லித் தராமலே பிடித்திருக்கிறாள்!

அதனால் நேராகவே சொல்கிறேன் அண்ணாச்சி. வயலை விற்காதீர்கள். இன்னொரு வருஷம் கோச்சிங்கும் வேண்டாம். இன்ஜினியரிங், நர்சிங் பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே சொல்வார்கள். நான் சொல்வது புள்ளியியல், அதாவது தகவல்களைத் திரட்டி, அலசி முடிவு காணும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிப்பு.

சோதனையை எப்படி அமைப்பது என்பதற்கு இதில் தனிப் பாடமே உண்டு. உங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள், அம்பை 16 நெல் ரகம் பிறந்த இடம். புது ரகத்தை மடைப் பக்கமும் பழைய ரகத்தைக் கடைசியிலும் நட்டால், விளைச்சல் கூடியது ரகத்தாலா தண்ணீராலா? இந்தக் குழப்பம் வராமலிருக்க நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எல்லா ரகத்தையும் நட வேண்டும். பட்டைக்குள் எது எங்கே என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் வகுத்துத் தந்த முறை இது.

மருத்துவத்துக்கும் இதே கதைதான். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில், யாருக்கு வீட்டில் சிகிச்சை, யாருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்துச் சிகிச்சை என்பதை டாக்டர்களின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே பலன் தருகிறது என்று தெரிந்தது. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவம் பார்க்கும் விதமே மாறியது. உங்கள் மகள் நோயாளிகளுக்கு இந்த வழியாகவும் உதவலாம்.

பிளஸ் டூவில் கணக்கு இருப்பதால் பி.எஸ்சி. புள்ளியியலில் சேரலாம். அதோடு நிறுத்தக் கூடாது, எம்.எஸ்சி.யும் அவசியம். அதற்குத் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமே இருக்கிறது. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு கடினம்தான். தேறிவிட்டால் பி.ஸ்டாட் என்ற அங்குள்ள புள்ளியியல் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருகிறார்கள். பிறகு மருந்துப் பரிசோதனை நிறுவனங்களில் வேலை உண்டு. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் எழுதலாம்.

கல்லூரி பார்க்கப் போகும்போது, சோதனை வடிவமைப்பு பாடத்திட்டத்தில் இருக்கிறதா, புள்ளியியல் கணக்குகளுக்கான 'ஆர்' மென்பொருள் சொல்லித் தருகிறார்களா என்று விசாரியுங்கள். பிள்ளையையும் கூட்டிப் போய் அவளையே கேட்கவிடுங்கள். மைத்துனர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.