பச்சை முக்கோணம் போட்ட மருந்து என்றால் பயமில்லையா?

கேள்வி: என் கணவர் பல வருடமாகக் கூலிக்கு வயலில் பூச்சிமருந்து, களைக்கொல்லி மருந்து அடிக்கிறார். கூட வேலை பார்த்த ஒருவருக்கு இப்போது நிணநீர்ப் புற்றுநோய் (லிம்போமா). அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. “நான் அடிக்கிறது பச்சை முக்கோணம் போட்ட மருந்து, ஒண்ணும் ஆகாது” என்கிறார் இவர். இவருக்கும் வந்துவிடுமா?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த முக்கோணம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று டப்பாவில் இருக்கும் நிறம், மருந்து உடம்புக்குள் போனால் உடனடியாக எவ்வளவு நஞ்சு என்பதை மட்டுமே காட்டுகிறது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. இதை மருந்துக்கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் சில மருந்துகளை ஆராய்ந்தது. லிண்டேன் என்ற பூச்சிமருந்து நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகையை உண்டாக்கும் என்று உறுதியாகச் சொன்னது. பூச்சிமருந்துகளான மாலத்தியான், டயாசினான், களைக்கொல்லியான கிளைபோசேட் மூன்றும் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்றது. கிளைபோசேட் பற்றி இன்னும் வாதம் ஓயவில்லை. அமெரிக்காவில் 1993 முதல் மருந்து அடிப்பவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வு ஒன்று, அதற்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2018இல் சொன்னது.

மருந்து அடிக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதனால் புற்றுநோய் வருவதில்லை. உங்களுக்குத் தெரிந்தவருக்கு எதனால் வந்தது என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உடம்பில் படும் அளவைக் குறைப்பது உங்கள் கணவர் கையில் இருக்கிறது.

வயல்வேலையில் மருந்து மூச்சைவிடத் தோல் வழியாகவே அதிகம் உள்ளே போகிறது. மிக மோசமான நேரம் அடிக்கும்போது அல்ல, கலக்கும்போது. தண்ணீர் சேராத கெட்டி மருந்து அப்போதுதான் கையில் படுகிறது. வெறுங்கையை விட்டுக் கலக்குவது, மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பது, அடைத்த நாசிலை வாயால் ஊதுவது எல்லாம் இன்றோடு நிற்க வேண்டும். டேங்க் ஒழுகி இடுப்புவரை நனைந்த லுங்கியோடு மாலைவரை நிற்பவர்கள் உண்டு. தொடையிடுக்குத் தோல் முன்னங்கையைவிடப் பல மடங்கு உறிஞ்சும். ஒழுகல் தெரிந்த உடனே கழுவி, துணி மாற்றச் சொல்லுங்கள். துணிக் கையுறை மருந்தில் ஊறித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், நைட்ரைல் என்ற ரப்பர் வகைக் கையுறைதான் வேண்டும். கழற்றும் முன்பே அதைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

வேலைத் துணியைத் துவைப்பது நீங்கள்தானே? வீட்டுத் துணியோடு, முக்கியமாகக் குழந்தைகள் துணியோடு, சேர்த்து ஊறவைக்காதீர்கள். நீங்களும் கையுறை போட்டே துவையுங்கள். பீடி, புகையிலைப் பழக்கம் இருந்தால் மருந்துக் கையோடு வாய்க்குப் போவது ஒரு கெடுதல், புகையிலையே புற்றுநோய் தருவது இன்னொன்று.

“மருந்தால் புற்றுநோய் வருமா” என்று முன்கூட்டியே பார்க்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. அப்படி யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வலியில்லாத கட்டி, காரணமில்லாத எடைக்குறைவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ராத்திரியில் உடுப்பு நனையும் வியர்வை, இவை இருந்தால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன மருந்து அடிக்கிறார் என்று டாக்டரிடம் பெயர் சொல்லுங்கள். அடித்த அன்றே தலைவலி, வாந்தி, கண் மங்கல் வந்தால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள்.

கையுறை கேட்டால் வேலை போய்விடுமோ என்று அவர் தயங்குவார். பூச்சிக்கொல்லி விதிகள் 1971, மருந்தைக் கையாள்பவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை இருக்க வேண்டும் என்கின்றன. நாலைந்து பேராகச் சேர்ந்து நிலத்துக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள்.