உள்ளூர் நோட்டு கல்லாவில் தேங்கிக் கிடக்க, வட்டிக்குக் கடன் எதற்கு?

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். எங்கள் வட்டாரத்து வணிகர்கள் சங்கமாகச் சேர்ந்து, இங்குள்ள கடைகளில் மட்டும் செல்லும் உள்ளூர் நாணயத்தை நோட்டாக வெளியிடுகிறார்கள். வேலைக்கான பணமாக அதை ஆரம்பம் முதலே வாங்குகிறேன். வாடிக்கையாளர்கள் முழுத் தொகையையும் அதிலேயே தருவதால், 1,00,000 மதிப்புக்கு நோட்டு சேர்ந்துவிட்டது. காகிதம் தருபவர் அதை வாங்குவதில்லை. அவருக்குக் கொடுக்க மாதம் 2 சதவீத வட்டிக்கு 1,00,000 கடன் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. நோட்டைச் சங்கத்தில் கொடுத்து ரொக்கமாக்கினால் 5 சதவீதம் பிடிப்பார்கள். சங்கத்தை நடத்தும் என் மைத்துனர், மாற்றுவது துரோகம் என்கிறார். மதிப்பு ஏறும், புதிய டிஜிட்டல் டோக்கனும் வாங்குங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: நாணயத்தால் உங்களுக்கு நஷ்டம் வரவில்லை. அதைப் பூட்டி வைத்துக்கொண்டு வெளியே கடன் வாங்கியதால்தான் நஷ்டம். எட்டு மாதத்தில் 16,000 வட்டி கட்டியாயிற்று. முதல் மாதமே மாற்றியிருந்தால் 5,000தான் போயிருக்கும். இன்று மாற்றினாலும் 95,000 கைக்கு வரும். அதை அப்படியே அசலில் கட்டுங்கள். மிச்சம் 5,000க்கு மாத வட்டி 100தான். மாதம் 1,900 மிச்சமானால், பிடித்த 5,000 மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும்.

துரோகம் என்ற பேச்சை விடுங்கள். ஜெர்மனியின் கீம்காவ் பகுதியில் 2003 முதல் ஓடும் கீம்காவர் நாணயத்திலும் வணிகர் யூரோவாக மாற்றினால் 5 சதவீதம் பிடிக்கிறார்கள். அந்த ஐந்தில் மூன்று பங்கு உள்ளூர்ப் பொதுநல அமைப்புகளுக்குப் போகிறது. மாற்றுபவரும் இருப்பார் என்று தெரிந்துதான் இந்தத் திட்டங்களையே வகுக்கிறார்கள். உண்மையில் நோட்டைத் தேக்கி வைப்பதுதான் நாணயத்துக்குக் கெடுதல். ஆஸ்திரியாவின் வோர்கல் ஊரில் 1932இல் வெளியிட்ட நோட்டுக்கு மாதம் 1 சதவீத மதிப்பில் முத்திரை வாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. யாரும் பெட்டியில் வைக்காமல் செலவழிக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. உங்கள் கல்லாவில் எட்டு மாதமாக அசையாத நோட்டால் எந்தக் கடைக்கு என்ன பயன்?

மொத்தத்தையும் ஒரே தடவையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். அப்படியே, வெளியிட்ட நோட்டுக்கு ஈடான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்றும் கேளுங்கள். மைத்துனரிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இங்கிலாந்தின் டாட்னஸ் ஊரில் ஓடிய உள்ளூர் நாணயமான டாட்னஸ் பவுண்டு 2007இல் தொடங்கி 2019இல் நின்றுபோனது. நாளை உங்கள் நாணயமும் நின்றால், அந்த ஈட்டுப் பணத்தை நம்பித்தான் நீங்கள் இருக்க வேண்டும். ‘இப்போது முடியாது, பிறகு பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், அன்றோடு புதிய நோட்டு வாங்குவதை நிறுத்துங்கள்.

சரி, இனி எவ்வளவு வாங்கலாம்? மாதம் எவ்வளவு நோட்டைச் செலவழிக்க முடியும் என்று எழுதிப் பாருங்கள்: பைண்டிங் செய்பவருக்கு, கடையைப் பழுது பார்ப்பவருக்கு, வீட்டுச் செலவுக்கு. அது 10,000, மாத வரவு 40,000 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பில்லிலும் கால் பங்குக்கு மேல் நோட்டு வேண்டாம். பில் புத்தகத்திலேயே அதை அச்சடித்துவிடுங்கள், அச்சகம் உங்களுடையதுதானே. சுவிட்சர்லாந்தில் நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்த 1934 முதல் இருக்கும் விர் நாணயத்திலும் பல நிறுவனங்கள் பில்லில் ஒரு பகுதியைத்தான் அதில் வாங்குகின்றன. மிஞ்சிய நோட்டைச் சம்பளமாக வேலையாட்கள் தலையில் கட்டிவிடாதீர்கள். அவர்களும் வாடகை கட்ட வேண்டும்.

டோக்கன் வேண்டவே வேண்டாம். கைமாறிக்கொண்டே இருப்பதற்குத்தான் உள்ளூர் நாணயம். மதிப்பு ஏறும் என்று நம்பினால் எவரும் அதைச் செலவழிக்க மாட்டார்கள், கடைகளுக்கும் வியாபாரம் வராது. ஏறும் என்று விற்பவர் உங்கள் கடைக்கு உதவும் நாணயத்தை விற்கவில்லை, ஊகத்தை விற்கிறார். கடன் இருக்கும்போது அதை வாங்குவது, மாதம் 2 சதவீத வட்டிக்கு வாங்கிய காசில் சூதாடுவது போலத்தான். மைத்துனர் மறுபடி கேட்டால், ‘கடன் தீரும் வரை எதுவும் வாங்குவதில்லை’ என்று மட்டும் சொல்லுங்கள், காரணங்களை விவாதிக்கப் போகாதீர்கள்.