இஸ்ரவேலைக் குறித்துச் சபைகள் ஒரேவிதமாகப் போதிக்காதது ஏன்?

குன்னூரிலுள்ள தங்கள் பெந்தெகொஸ்தே சபையில் வாராவாரம் இஸ்ரவேலுக்காக ஜெபிக்கிறார்கள், கோத்தகிரியிலுள்ள கத்தோலிக்க உறவினர்களோ அதைப் பற்றிப் பேசுவதே இல்லை, எது வேதத்துக்கு உகந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

யூதருக்கு அளிக்கப்பட்ட வாக்குத்தத்தங்கள் திருச்சபைக்கு மாறிவிட்டன என்ற போதனை இரண்டாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. ஐரோப்பாவில் அது யூத வெறுப்புக்குத் துணைபோனதை மறுக்க முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை 1959-இல் பெரிய வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதரை இழித்துரைத்த சொல்லை நீக்கியது; 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகளாவிய கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றம்), இயேசுவின் மரணத்துக்காக யூதர் அனைவரையும் குற்றஞ்சாட்டலாகாது என்று அறிவித்தது. பெரிய வெள்ளியன்று உறவினர்களுடன் கோயிலுக்குச் சென்றால், பொது மன்றாட்டுகளில் ஆறாவது யூத மக்களுக்கானது என்பதைக் கேட்பீர்கள். ஆகவே அவர்கள் ஜெபிப்பதே இல்லை என்று எண்ண வேண்டாம்.

தங்கள் சபையின் நோக்கு வேறு வழியில் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரதரன் சபைப் போதகர், இஸ்ரவேலையும் சபையையும் தனித்தனியே பிரித்து, இஸ்ரவேலுக்குரிய தீர்க்கதரிசனங்கள் எழுத்தின்படியே நிறைவேறும் என்று போதித்தார். 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமம் அதைப் பரப்பியது. 1948-இல் இஸ்ரேல் உருவானதும் பலர் அதையே நிறைவேறுதலாகக் கண்டனர். கன்வென்ஷன் பந்தல்களில் எசேக்கியேல் 38-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலுக்கு எதிராகப் படையெடுத்து வரும் கோகு என்பவனை ரஷ்யாவுடன் பொருத்திப் பேசுவதும் இந்த மரபில் வந்ததே (ரஷ்யா என்ற பெயர் அந்த அதிகாரத்தில் இல்லை).

என் கருத்தில், முதலில் வாசிக்க வேண்டியது ரோமர் 11-ஆம் அதிகாரம். பவுல் புறஜாதியாரை ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளைகளாகக் காட்டி, முறிக்கப்பட்ட கிளைகளுக்கு எதிராகப் பெருமை பாராட்ட வேண்டாம் என்கிறார். தேவனுடைய அழைப்பு மாறாதது என்றும் சொல்கிறார். எனினும் இன்றைய ஓர் அரசின் ஒவ்வொரு செயலையும் ஆதரிக்க வேண்டும் என்ற கட்டளை அங்கே இல்லை.