என் எல்லாச் சேர்ட்டுகளுக்கும் மூத்த சேர்ட்

உடுப்பைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. பல வருடம் கண்ணில் படாமல் கிடந்து திரும்பக் கிடைத்த பிடித்த உடுப்பு உண்டா என்பது ஒன்று. வயது போனாலும் ஒருவருடைய உடுப்பு ரசனை அப்படியே இருக்குமா என்பது மற்றது. முதலாவதுக்கு ஆம், ஒரு சேர்ட். இரண்டாவதுக்கும் அந்தச் சேர்ட்டை வைத்தே பதில் சொல்லலாம்.

கடும் நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கட்டம் போட்ட பருத்தித் துணி. அரைக்கை, இடப்பக்கம் ஒரேயொரு பொக்கற். கீழ் ஓரம் நேராக வெட்டியது, அதனால் ரவுசருக்குள் விடாமல் வெளியே போடலாம். 1994இல் தைத்தது. போரால் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம், கடைக்குப் போய் நிறம் பார்த்துத் துணி எடுக்கிற நாட்கள் இல்லை. கொழும்பில் இருந்து கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்த மாமா அப்பாவுக்கென்று கொண்டுவந்த துணி அது. அப்பாவுக்குக் கட்டம் பிடிக்காது. அதனால் எனக்கு வந்தது.

போன வருடம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க அலுமாரிகளை நகர்த்தியபோது அம்மாவின் ரங்குப்பெட்டியைத் திறந்தோம். கூறைச் சேலைக்குக் கீழே இது மடித்தபடி இருந்தது. "எறியாதை எண்டு நீதானே சொன்னனீ" என்றார் அம்மா. நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஏதோ ஒரு யோசனையில் அதைக் கட்டிலில் விரித்து, அன்று காலை கழற்றிய சேர்ட்டைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். துணி வேறு, நிறம் வேறு, வெட்டு ஒன்றே. பொக்கற் இருக்கும் உயரம், கொலரின் நீளம், தோளில் இருந்து கை விழுகிற சரிவு, கீழ் ஓரத்தில் பக்கவாட்டில் விட்ட சின்னப் பிளவு, எல்லாம் அதேதான். இடுப்பில் மட்டும் வித்தியாசம். அது சேர்ட்டின் பிழை இல்லை.

காரணம் யோசித்தால் எளிது. நான் கடைச் சேர்ட் வாங்குகிற ஆள் இல்லை, தைப்பிக்கிற ஆள். ரெயிலரிடம் போனால் அளவு நாடாவைத் தொட விடமாட்டேன். நன்றாகப் பொருந்துகிற ஒரு சேர்ட்டைக் கொடுத்து "இதுபோல" என்பேன், அவ்வளவுதான். அந்த அளவுச் சேர்ட் பழசானால், அதை வைத்துத் தைத்தது அடுத்த அளவுச் சேர்ட் ஆகும். இப்படியே பின்னால் போனால் எல்லாம் இந்த நீலக் கட்டத்தில் போய் நிற்கிறது. ரசனை, பாணி என்று நாங்கள் பெரிதாகச் சொல்வதில் பாதி இப்படி ரெயிலர் கடையில் ஒப்படைத்த பழக்கம்தான் என்பது என் அபிப்பிராயம்.

நடுவில் சோதனை வராமல் இல்லை. போரால் பூட்டிக் கிடந்த ஏ9 பாதை, யாழ்ப்பாணத்துக்கு வருகிற பிரதான தரைப்பாதை, 2002இல் திறந்த பிறகு கொழும்புச் சாமான்கள் குவிந்தன, விதம்விதமான ஆயத்த உடுப்புகளும் வந்தன. பிறகு ஸ்லிம் ஃபிற் வந்தது. "தம்பி, இப்ப ஒருத்தரும் இவ்வளவு லூசா போடுறேல்லை, கொஞ்சம் பிடிச்சு விடட்டோ?" என்று ரெயிலர் அண்ணை ஒவ்வொரு முறையும் கேட்பார். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெய்யிலில் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு ஸ்லிம் ஃபிற் எதற்கு? உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்றுப் போக இடம் வேண்டும். அந்த உடுப்பு குளிரூட்டிய அறையில் இருக்கிறவர்களுக்குச் சரி. இப்போது அதே அண்ணை, பெடியள் எல்லாம் லூசாகக் கேட்கிறார்கள் என்று என்னிடமே சொல்கிறார்.

எங்கள் வீட்டில் இந்தப் பிடிவாதம் என்னோடு தொடங்கியதும் இல்லை. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார், கதர் நிதி சேர்க்க. அழைத்தவர்கள் பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று அறியப்பட்ட மாணவர் காங்கிரஸ்காரர். அப்பப்பா அப்போது பெடியன். அந்த ஆட்களோடு சேர்ந்து கதர் உடுக்கத் தொடங்கியவர். 1930களில் அந்த இயக்கம் தேய்ந்து போனது, ஆனால் அப்பப்பா கடைசி வரை கதரை விடவில்லை. அரசியலைப் பற்றிக் கேட்டால் பெரிதாகப் பேசமாட்டார். "உடம்புக்குச் சுகமா இருக்கு" என்பார். உடுத்தத் தொடங்கிய காரணம் போன பிறகும் உடுப்பு நின்றுவிட்டது.

சரி, சேர்ட்டுக்கு வருவோம். அதன் கொலர் ஒருமுறை திருப்பப்பட்டது. இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. கழுத்தில் உரசி உரசிக் கொலரின் மடிப்பு முதலில் நைந்துபோகும், மீதிச் சேர்ட் புதிதுபோல இருக்கும். அப்போது கொலரை மட்டும் தையல் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பழைய இடத்திலேயே பூட்டுவார்கள். நைந்த பக்கம் கொலரின் மடிப்புக்கு அடியில் மறைந்துவிடும், சேர்ட்டுக்கு இன்னும் சில வருடம் கிடைக்கும். எல்லாத் துணியிலும் இது சரிவராது. நூலுக்கே சாயம் ஏற்றி நெய்த கட்டம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அச்சடித்த துணிக்குப் பின்பக்கம் வெளிறித் தெரியும். துணி எடுக்கும்போது அம்மா முதலில் புரட்டிப் பின்பக்கம் பார்த்தது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அது பனம்பழத்தில் தோய்த்த சேர்ட்டும்கூட. சவர்க்காரம் தட்டுப்பாடு, கிடைத்தாலும் விலை. பனங்களியில் உடுப்பைக் கசக்கி அலசுவோம். அழுக்குப் போகும், ஆனால் வெள்ளையில் ஒரு மஞ்சள் சாயல் தங்கும், வாசமும் போகாது. கொடியில் போட்டுவிட்டு அங்கால் போனால் மாடு வந்து சப்பும். 1995 ஒக்டோபர் 30, போரால் யாழ்ப்பாண நகரை அடக்கிய வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது என் உடம்பில் இருந்ததும் இதுதான். அந்தக் கதை ஊருக்கே தெரியும், விடுவோம்.

கண்டெடுத்த பிறகு செய்ததையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். மடிப்பு நெடுகப் பழுப்புக் கோடு விழுந்திருந்தது, பூச்சி மட்டும் தொடவில்லை. கஞ்சி போடாமல் வைத்ததே காரணம் என்று நினைக்கிறேன். இராமபாணப் பூச்சிக்கு மாச்சத்து என்றால் உயிர், கஞ்சி போட்ட துணியைத்தான் முதலில் அரிக்கும். ஆகவே நாட்பட வைக்கிற பருத்தி உடுப்பைக் கஞ்சி போகத் தோய்த்து, நன்றாக உலர்த்தி வையுங்கள். பழுப்புக்குக் குளோரின் போடவேண்டாம், சாயமும் சேர்ந்து போகும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. சவர்க்காரம் சரியாக நுரைக்காது, படிவு தங்கித் துணி விறைக்கும். நான் கார்த்திகை மழைத் தண்ணீரைப் பிடித்து அதில் ஊறவைத்து, மெல்ல அலசி, நிழலில் காயவைத்தேன். பழுப்பு முழுக்கப் போகவில்லை, பாதி போனது. பழைய பருத்தி மினுக்கியதும் எப்படி மெதுமையாக இருக்கும் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இப்போது அது தெறி பூட்டாது. மகள் எடுத்துக்கொண்டாள், கம்பஸுக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். கொலர் இரண்டு பக்கமும் தேய்ந்துவிட்டதால் மேலும் திருப்ப வழியில்லை. ரெயிலர் அண்ணை மடிகிற பகுதியை வெட்டிவிட்டுப் பட்டியை மட்டும் விட்டுச் சைனீஸ் கொலர் ஆக்கித் தந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, அவளுக்கு நல்ல விருப்பம். போன மாதம் துணி எடுத்துக்கொண்டு தைக்கப் போனவள் அளவுக்கு இதையே கொடுத்திருக்கிறாள். "இதுபோல, ஆனா ரெண்டு பொக்கற்" என்றாளாம். துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிட்டுக் கொடுத்தாயா என்று கேட்டேன், இல்லையாம். புதுப் பருத்தி முதல் தோய்ப்பில் சுருங்கும். அளவுச் சேர்ட்டோ சுருங்க வேண்டிய அளவெல்லாம் சுருங்கி முடித்தது. ரெயிலரிடம் ஓடிப்போய் வெட்ட முன்னம் துணியைத் திருப்பி வாங்கி வா என்று அனுப்பியிருக்கிறேன்.