டிராக்டரைப் போய் யாராவது படம் எடுப்பார்களா?

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சென்ற ஆண்டு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை 18-55 மி.மீ. லென்ஸுடன் வாங்கினேன். சித்தப்பா டிராக்டர் வைத்து வாடகை உழவு ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போகிற காட்டுக்கெல்லாம் நானும் போய்விடுவேன். உழவு, கண்மாய்க்கரை, ஆட்டுக்கிடை, பறவைகள் என்று எல்லாவற்றையும் எடுத்துப் பழகுகிறேன்.

ஆனால் டிராக்டரின் சிவப்பு எப்போதும் ஒரே தட்டையான நிறமாக விழுகிறது. பின்னால் வரும் கொக்குகள் வெறும் வெள்ளைத் திட்டுகளாகின்றன. சித்தப்பாவின் முகமோ கறுத்துப்போகிறது. படம் எடுக்கும் நண்பர்களிடம் காட்டினேன். "டிராக்டரைப் போய் யாராவது படம் எடுப்பார்களா? ஏர்மாடு கிடைத்தால் எடு, அதுதான் கிராமம்" என்றார்கள். நல்ல லென்ஸ் வாங்காமல் ஒன்றும் நடக்காது என்றார் ஒருவர். கணினியில் திருத்துவது ஏமாற்று வேலை என்றார் இன்னொருவர். உங்கள் கருத்து என்ன? மூன்று படங்களை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன்.

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

படங்களைப் பார்த்தேன். நண்பர்கள் சொன்ன முதல் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

மதுரையைச் சுற்றி எத்தனை ஊர்களில் இன்று ஏர் பூட்டி உழுகிறார்கள் என்று அவர்களையே கேட்டுப்பாருங்கள். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் உழவு என்றால் டிராக்டர்தான். மாடு இருக்கிற வீடுகளில் அது பாலுக்கு நிற்கும், அல்லது ஜல்லிக்கட்டுக்கும் வண்டிப் பந்தயத்துக்கும் வளரும். ஒளிப்படப் போட்டிகளுக்குப் போகிற கிராமம் ஒன்று தனியாக இருக்கிறது. அங்கே எப்போதும் விடியற்காலை. புழுதிக்குள் ஒளிக்கற்றை சாய்ந்து விழும். பாட்டி பொக்கைவாய் திறந்து சிரித்தபடியே இருப்பார். ஆட்டு மந்தையைத் திரும்பத் திரும்ப ஓட்டச்சொல்லிப் புழுதி கிளப்பியும், ஏர்க்காரருக்குக் காசு கொடுத்து உழாத நிலத்தில் நடக்கவிட்டும் எடுக்கப்படுபவை அவற்றில் பல. எடுப்பவர்களுக்கும் தெரியும், பரிசு கொடுப்பவர்களுக்கும் தெரியும்.

மாசி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்யும் டாஃபே நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டது 1960இல். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மண்ணில் ஓடுகிற ஒன்றை இன்னும் வெளியூர்ப் பொருளாக நினைப்பது விசித்திரம். ஆயுத பூஜையன்று சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தானே உங்கள் சித்தப்பா வண்டியை வெளியே எடுப்பார்? அதை எடுங்கள். போட்டிக்கு அனுப்ப வேண்டிய அவசியமில்லை.

இனி சிவப்புக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பியதில் இரண்டாவது படம். டிராக்டரின் பானெட் ஓரத்தில் ஒரு நசுங்கல் இருக்கிறது. நிழல் பக்கத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. வெயில் பட்ட பக்கத்துக்கு வரும்போது நசுங்கலும் இல்லை, தகட்டின் மடிப்பும் இல்லை. காரணம் கேமராவில் ஒளியை வாங்கும் சென்சாருக்கு மேலே இருக்கும் வண்ண வடிகட்டியில் இருக்கிறது. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் அதுதான். நான்கு கட்டங்களில் இரண்டு பச்சையைப் பார்க்கும், ஒன்று சிவப்பை, ஒன்று நீலத்தை. நம் கண் நுணுக்கத்தைப் பச்சையில்தான் அதிகம் பிடிக்கிறது என்பதால் இந்தப் பங்கீடு. சாய்ந்த மஞ்சள் வெயில் சிவப்புப் பெயிண்டின்மேல் விழும்போது சிவப்புக் கட்டங்கள் மட்டும் நிரம்பி வழிந்துவிடுகின்றன. மற்றவை பாதிகூட நிரம்பியிருக்காது. வழிந்த பிறகு நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் ஒன்றுதான்.

படத்தின் வெளிச்சப் பரவலை வரைபடமாகக் காட்டும் கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் இதைக் காட்டிக்கொடுக்காது. அது மூன்று நிறங்களையும் சேர்த்து, பச்சைக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிடுவது. மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாகக் காட்டும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு வலது ஓரச் சுவரில் போய் முட்டினால் எக்ஸ்போஷரை, அதாவது பதியும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்து மறுபடி எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). நிறத்தைக் கூட்டிக் காட்டும் 'விவிட்' போன்ற அமைப்பு எதையாவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். 'ரா' கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாக, எடுத்தால் பின்னால் மீட்பதற்குக் கொஞ்சம் இடம் இருக்கும். நீல டிராக்டர்களில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. ஆனால் அதற்காகச் சித்தப்பாவை வண்டி மாற்றச் சொல்ல முடியாது.

கொக்கு வெளுப்பதற்குக் காரணம் உங்கள் ஊர் மண். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. உங்களுடையது கரிசல். உழுது புரட்டிய கரிசல் ஃப்ரேமில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டால், கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். மண் வெளிறும், கொக்கு காணாமல் போகும். மேலூர்ப் பக்கம் செம்மண்ணில் இதே கேமரா இவ்வளவு ஏமாறாது.

இதற்கு, மீட்டரிடம் விடாமல் அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் முறைதான் சரி. கடினம் என்று பயமுறுத்துவார்கள். உண்மையில் வயல்வெளியில் அதுதான் சுலபம். மேகமில்லாத பகலில் டிராக்டர் மேலும் கொக்கு மேலும் மண் மேலும் விழுவது ஒரே வெயில். பின்னணி மாறுகிறதே தவிர வெளிச்சம் மாறுவதில்லை. ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு: நல்ல வெயிலில் லென்ஸ் துளையை எஃப் 16இல் வைத்தால் (எண் கூடினால் துளை சுருங்கும்) ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு எண்ணுக்கு, ஈடாக இருக்கலாம். ஐ.எஸ்.ஓ. 200 என்றால் 1/200 நொடி. அதையே எஃப் 8க்குக் கொண்டுவந்தால் 1/800. கொக்கின் இறகு வரிகள் வேண்டுமென்றால் 1/1600 வரை போங்கள். ஒருமுறை வைத்துவிட்டால் வெயில் இறங்கும் வரை தொட வேண்டாம். கரிசல் கரிசலாகவே விழும்.

அந்தக் கொக்கு உண்ணிக்கொக்கு. இனப்பெருக்க காலத்தில் அதன் தலையிலும் கழுத்திலும் காவி ஏறும். எக்ஸ்போஷர் சரியாக இருந்தால் மட்டுமே அது படத்தில் தெரியும். மேயும் மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிகளுக்காக அதன் பின்னாலேயே நடந்த பறவை, இப்போது அதே பூச்சிகளுக்காக டிராக்டருக்குப் பின்னால் வருகிறது. கொக்குக்கு டிராக்டரில் ஆட்சேபம் இல்லை. உங்கள் நண்பர்களுக்குத்தான் இருக்கிறது.

முகம் கறுப்பதிலும் மண்ணுக்குப் பங்கு உண்டு. மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கடிகாரத்தில் 12:17ஐ ஒட்டி நிழல் காலடிக்குள் போய்விடும். தலைத்துண்டு கட்டிய மனிதரின் கண்ணும் கன்னமும் அப்போது இருட்டில்தான் இருக்கும். மணல் நிலமாக இருந்தால் தரையிலிருந்து வெளிச்சம் திரும்பி வந்து முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். கரிசல் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்காது. ஆகவே நடுப்பகலில் முகத்தை விட்டுவிட்டுக் கை, ஸ்டீயரிங், கொழு, மண்கட்டி என்று எடுங்கள். முகத்துக்குக் காலை வேளை. உழுகிறவர் அடிக்கடி தலையைத் திருப்பிப் பின்னால் கலப்பை எப்படி இறங்குகிறது என்று பார்ப்பார், கவனித்திருப்பீர்கள். வரப்பை ஒட்டி வண்டி திரும்பும் இடத்தில், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டால், அவர் திரும்பிப் பார்க்கும் நொடியில் முகம் முழுக்க வெளிச்சம் விழும். எந்த மூலையில் தொடங்கப்போகிறார், எந்தப் பக்கம் திருப்புவார் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்திலிருந்து வரும் ஒளிப்படக்காரர் எவ்வளவு விலையுள்ள கேமரா வைத்திருந்தாலும் இது அவருக்குத் தெரியாது. உங்களுக்குக் கேட்டால் தெரியும், கேட்காமலும் பாதி தெரியும். பழகுவதற்கு டிராக்டர் நல்ல பொருள் என்று நான் சொல்வது இதனால்தான். அது மெதுவாகப் போகிறது, போன வழியே திரும்பி வருகிறது, விட்ட படத்தை அடுத்த சாலில் எடுக்கலாம்.

சக்கரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் மூன்று படங்களிலும் வண்டி நின்றுகொண்டிருப்பது போலவே இருக்கிறது. ஷட்டர் வேகம் அதிகம் என்று நினைக்கிறேன். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவதே இல்லை. உச்சியில் இருக்கும் புள்ளி வண்டியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் ஓடுகிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் உழும் டிராக்டரை 1/60இல் எடுத்தால் டயரின் மேல்பட்டைகள் நாலைந்து சென்டிமீட்டர் இழுபட்டுத் தெரியும், கீழ்ப்பட்டைகள் கூர்மையாக நிற்கும். வண்டி ஓடுகிறது என்று பார்ப்பவருக்கு உடனே புரியும். ஐ.எஸ்.ஓ.வை 100க்கு இறக்கி, எஃப் 16, 1/60 என்று வைத்து, கேமராவை அசையாமல் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். வெளிச்சம் மிஞ்சும், ஆகவே இதை வெயில் தணிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கட்டிச் சேற்றில் உழும் தொளி உழவுக்கு நேர் எதிர்க் கணக்கு. பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகப் பகுதி. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நாள் போய்வாருங்கள். இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் சேற்றை வாரி வீசும். அந்தச் சேற்றுத்துளிகள் அந்தரத்தில் நிற்க 1/1000க்குக் குறையாமல் வேண்டும். தண்ணீர் நிற்கும் வயலில் வானம் பளபளக்கும். மீட்டர் இங்கே மறுபக்கம் ஏமாந்து படத்தை இருட்டாக்கும்.

ஒரு எச்சரிக்கை. மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஓடும்போது அதன் பின்னால் நிற்காதீர்கள், கல் தெறிக்கும். டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுவது. தோளில் தொங்கும் துண்டோ கேமரா வாரோ அதில் சிக்கினால் திரும்ப இழுத்துக்கொள்ளும் வலு யாருக்கும் இல்லை. வாரை மணிக்கட்டில் சுருட்டிக்கொள்ளுங்கள். சித்தப்பா உங்களைப் பார்த்துவிட்டார் என்று உறுதியாகத் தெரியும்வரை வண்டியை நெருங்க வேண்டாம்.

கணினியில் திருத்துவது பற்றி. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1858இல் மதுரைக்கு வந்து நாயக்கர் மகாலையும் யானைமலையையும் எடுத்தார். அந்தக் காலத்து நெகட்டிவ்களில் நீல ஒளி மிகையாக உறைக்கும், வானம் வெறுமையாகிவிடும். டிரைப் தன் நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டியிருக்கிறார். ஆக, இந்த ஏமாற்று வேலை மதுரைக்கு வந்து நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நிழலைத் தூக்குவதும் சிவப்பை அடக்குவதும் எனக்குச் சம்மதம். இல்லாத கொக்கை ஒட்டவைப்பது சம்மதமில்லை.

லென்ஸ் இப்போது வேண்டாம். அரிட்டாபட்டிப் பாறைகளில் இருக்கும் வல்லூறுகளையும் ராசாளிக் கழுகுகளையும் எடுக்க 400 மி.மீ.யாவது வேண்டும் என்பது உண்மை. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட இடம். உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. போகிற அன்றைக்கு அந்த லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணிக்கொக்கை டிராக்டரே உங்கள் வரப்புக்குக் கூட்டிவந்துவிடுகிறது. தாழ உட்கார்ந்து அசையாமல் இருந்தால் 55 மி.மீ.யே போதும். கரிசல் புழுதியில் லென்ஸ் மாற்றுகிற வேலையும் மிச்சம். லென்ஸுக்கு என்று சேர்த்த பணத்தில் கொஞ்சத்தை எடுத்து நல்ல பிரிண்டுகள் போட்டுச் சித்தப்பாவுக்கும் காட்டுக்காரர்களுக்கும் கொடுங்கள். அடுத்த முறை கேமராவோடு உள்ளே வரும்போது ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடுகிறது, எடுத்த விவரங்களும் அழிந்துவிடுகின்றன. அடுத்த தடவை கேமராவிலிருந்து வந்த அசல் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஷட்டர் வேகம் என்ன என்று நான் ஊகிக்காமல் அதிலேயே பார்த்துக்கொள்கிறேன்.